ஒரு வரிக்கு ஒரு வேல

இல்லம்மா, அந்தத் துணிய கீழ வை. எங்க வீட்டுக்காரர் கையக் கட்டவே கூடாது. இங்கேருந்தே பாரு, உள்ள போவாத இன்னும். நடுக்கம் இல்ல அது. எடது கை சுண்டு வெரல் ஓரமா அமுங்குதா? வலது கைல ஒரு வெரல் தட்டுது, திரும்ப எடது கைல ஒண்ணு. டாக்டர் இதுக்கு மாத்திர எழுதிக் குடுத்தார், நான் குடுக்கல. அவர் சேவ் பண்றாரும்மா.

சிரிச்சுக்க, பரவால்ல. நீ இன்னைக்குத்தான ஏஜென்சிலேருந்து வந்திருக்க, ஒனக்கு எப்படித் தெரியும்?

அவருக்கு அப்ப தட்டாஞ்சாவடில ஒரு பம்ப் கம்பெனில வேல. மோட்டார் வாங்கினா கூட ஒரு புஸ்தகம் தருவாங்கல்ல, எப்படி மாட்டறது, எப்படிக் கழட்டறதுன்னு? அத எழுதறவர். அங்கதான் நான் டைப்பிஸ்டா போனேன். எண்பத்தேழுல கம்ப்யூட்டர் வந்துச்சு. அதுக்கு ஏசி ரூம், நாம செருப்ப வெளிய உட்டுட்டுப் போவணும். எங்களுக்கு ஃபேன்தான், அதுக்குத்தான் ஏசி! மவுஸெல்லாம் ஏது? கறுப்புத் திரைல பச்ச எழுத்து. படத்துக்கு எடம் உட்டு அடிச்சு, பிரிண்ட் எடுத்து, கோந்து போட்டு ஒட்டுவோம். இப்ப மாதிரி தானா சேவ் ஆவாது. கண்ட்ரோல அமுக்கிக்கிட்டு கே, அப்புறம் எஸ். ஒரு நாள் கரண்ட் போயி வால்வு பத்தி அடிச்சது பூராவும் போச்சு. ரெண்டு பேரும் உக்காந்து மொதல்லேருந்து அடிச்சோம். அதுலேருந்து வரிக்கு வரி சேவ்தான். பேசினாக்கூட வெரல் தானா போவும். எங்க கல்யாணத்துல மூணாவது முடிச்சு போட்டதும் அவர் கை மடில அப்படிப் போச்சு. அத்தன ஜனத்துல எனக்கு மட்டுந்தான் புரிஞ்சுது.

எழுதினத அவர் படிக்க, நான் ஸ்பேனர வச்சுக்கிட்டு அப்படியே செய்யணும். மோட்டார் பக்கமே போவாதவ நான். தப்பாத் திருவுனா, நீ தப்பு பண்ணல, வாக்கியம்தான் தப்புன்னு கோடு போட்டுட்டு வேற எழுதுவார். எங்கப்பா வாய்ல நான் செஞ்சது எதுவும் சரின்னு வந்ததே இல்ல. இவரு அந்த ஒரு வார்த்த சொன்னார், கழுத்த நீட்டிட்டேன்.

ஒரு வரிக்கு ஒரு வேலதான் இருக்கணும்பார். நீயும் அப்படித்தான் பேசணும். சாப்புடுங்கன்னு சொல்லாத, முழிப்பார். ஸ்பூன எடுங்கன்னு சொல்லிட்டு நில்லு. எடுத்தப்புறம், அள்ளுங்க. அப்புறம் வாயத் தொறங்க. ரெண்டு வேலய ஒண்ணா சொன்னா ஒண்ணும் நடக்காது. கத்தாத. அவர் செய்யலன்னா நீ சொன்னதுல தப்புன்னு வச்சுக்க.

கை அப்படிப் போனா, சேவ் ஆயிடுச்சுன்னு சொல்லு. மொகம் தெளிஞ்சுடும், அடுத்த வாய் வாங்கிப்பார். எங்க போயி சேவ் ஆவுதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். காலைல எழுந்தா ஒண்ணும் இருக்கறதில்ல. விடாம பண்றார் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல.

இன்னொண்ணு. ஒன்ன சங்கரின்னு கூப்புடுவார். எம்பேரு ஜாஸ்லின்னு சொல்லித் தொலைச்சிடாத. போன மாசம் வந்த பொண்ணு அப்படித்தான் சொல்லிடுச்சு. அன்னைக்குப் பூரா பட்டினி. சங்கரி எங்க, சங்கரி எங்கன்னு வாசலயே பாத்துக்கிட்டு இருந்தார். நீ ம்னு சொல்லிட்டுப் பக்கத்துல உக்காரு, போதும். கையப் புடிச்சார்னா புடிச்சுக்கட்டும், தப்பா எடுத்துக்காத.

மகளா? இல்ல, எங்களுக்குக் கொழந்த இல்ல.

சங்கரி நான்தாம்மா. பொங்கலுக்கு அப்புறம் நான் உள்ள போனாலே பயப்படறார். யாரோ ஒரு கெழவி வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு சொவத்தோட ஒட்டிக்கிறார். அதான் ஒன்ன வரச் சொன்னது. கஞ்சி ஆறுது, எடுத்துக்கிட்டுப் போ. நான் சமையக்கட்டுலயே இருக்கேன். கதவ மட்டும் சாத்தாத, என்ன? அவர் எம்பேரச் சொல்றது எனக்கும் கேக்கணும்ல.