துண்டு போட்ட சீட்டு

— கால் வலிக்குதா மாமா? ஓரமா நிறுத்தட்டுமா?

— வலிச்சா சொல்ல மாட்டேனா? நீ ரோட்டப் பாரு. ரைட், ரைட், போகட்டும்.

— இல்ல, இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு வார்த்தை முனகல. வாடகைக் கார்ல போனா தெருமுனை தாண்டறதுக்குள்ள நிறுத்தச் சொல்லி இறங்கி நின்னு காலை உதறுவீங்க. அதான் கேட்டேன்.

— இன்னிக்கு என்னமோ முட்டி சமத்தா இருக்கு. கண்ணு வச்சிடாத. அது சரி, கியர் மாத்தறப்ப எதுக்குப் பல்லைக் கடிக்கற? கியர்தானே மாத்தற, மூட்டையா தூக்கற?

— பயம் மாமா. பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு? ஆயுசு பூரா பஸ் ஓட்டினவர். பரீட்சை எழுதற மாதிரி இருக்கு.

— நல்லாத்தான் ஓட்டற. பிரேக்க மட்டும் கொஞ்சம் முன்னாடியே தொடு. யாரு கத்துக் குடுத்தா?

— உங்க பிள்ளையோட கூட்டாளி, மெக்கானிக் ஸ்பேனர் அண்ணன்தான். மார்க்கெட் லீவு அன்னிக்கு அந்தக் காலி இடத்துல வச்சு ஓட்டச் சொன்னார். முதல் நாள் ஒரு கூடைக் கடையவே இடிச்சுட்டேன்.

— வீட்டுல ஒரு டிரைவர வச்சுக்கிட்டு வெளியாள்கிட்ட போய்க் கத்துக்கிட்டு வந்திருக்க.

— நீங்கதான் இந்த வண்டி பக்கமே வர மாட்டீங்களே. கொல்லைக்குப் போகணும்னாகூட ஷெட்டு வழியா போகாம வீட்டச் சுத்திக்கிட்டுப் போவீங்க.

— ம்.

— கோவமா மாமா?

— கோவம் என்ன கோவம். உள்ளதத்தானே சொல்ற. இரு, முதுகுக்குப் பின்னால என்னமோ உறுத்துது. இது என்னது? அடப்பாவி. இது என் துண்டு.

— உங்க துண்டா?

— நீலக் கரை பாரு. டெப்போவுல கடைசி நாள் எனக்குப் போட்ட துண்டு. காணோம்னு வீட்டையே தலைகீழா புரட்டினேன். உன்னக்கூட சந்தேகப்பட்டேன், பழைய துணியோட தூக்கிப் போட்டுட்டியோன்னு.

— வண்டி துடைக்க எடுத்திருப்பார்.

— துடைக்க என் துண்டுதான் கிடைச்சுதா அவனுக்கு? அதுவும் ஒரு அழுக்கில்ல பாரு. மடிச்ச மடிப்பு கலையல. துண்டு கிடைச்சிருச்சு, திட்டறதுக்குத்தான் ஆளில்ல.

— மாமா.

— இல்லம்மா, அழல. ரோட்டப் பாரு. இந்தப் பறக்கற வண்டிதான் அவனக் கொண்டு போயிடும்னு பயந்துக்கிட்டே கிடந்தேன். கடைசியில ஒரு காய்ச்சல் வந்து கொண்டு போச்சு. வண்டி மேல ஒரு கீறல் இல்ல.

— பயமாத்தான் இருந்துதுன்னு அவர்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாமே.

— எங்க சொன்னேன். வாய் வேற ஒண்ணச் சொல்லிடுச்சு. ரெண்டே சீட்டுல எப்படிடா குடும்பம் ஏறும்னேன். நீயும் உன் பொண்டாட்டியும் ஏறிட்டா அப்பன் ரோட்டுல நிக்கணுமான்னேன். நான் செத்தாலும் இதுல ஏற மாட்டேன், போடான்னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் உன்கிட்டதான் பேசினோம்.

— "உங்க மாமாகிட்ட சொல்லு", "உன் புருஷன்கிட்ட சொல்லு". நடுவுல நான் தபால்காரி.

— பாவம் நீ. இன்னிக்கு ஏறினதுகூட உனக்காகத்தான். பக்கத்து சீட்டு காலியா இருந்தா ரவுண்டு போகக் கூடாதாமே?

— அப்படித்தான் ஸ்பேனர் அண்ணன் சொன்னார். வருஷா வருஷம் இந்த மாதிரி வண்டி வச்சிருக்கறவங்க எல்லாம் கூடுவாங்களாம். சாயங்காலம் கலையறதுக்கு முன்னாடி மைதானத்தச் சுத்தி ஒரு ரவுண்டு. ஓனர்தான் ஓட்டணும். பக்கத்துல அவங்களுக்கு வேண்டிய ஒருத்தர் உக்காரணும். எனக்கென்ன தெரியும் மாமா, என்னை ஒரு வருஷம்கூடக் கூட்டிட்டுப் போனதில்லையே.

— நீயா வரலன்னுல்ல நெனச்சேன். உனக்கு இந்தச் சத்தம் புடிக்காதுன்னு.

— நானா? மொத வருஷம் புதுப் புடவை கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னேன். "சீட்டுக்கு ஆள் இருக்கு"ன்னுட்டார். யாருன்னு கேட்டா சிரிக்கறார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசல நான். அடுத்த வருஷமும் அதே பதில்தான். அப்புறம் கேக்கறதையே விட்டுட்டேன்.

— யாரா இருக்கும்?

— தெரியல. தப்பா நினைக்கல மாமா, அவர் அப்படிப்பட்டவர் இல்ல. ஆனா பொண்டாட்டிய விட வேண்டிய ஆள் யாருன்னு ஒரு முள்ளு உள்ளயே கிடக்கு. திரும்பி வர்றப்ப தொப்பலா நனைஞ்சு வேற வருவார். மழையான்னா ஆமாம்பார். வெளிய வெயில் கொளுத்தும்.

— கிறுக்குப் பய. சரி விடு, இன்னியோட எல்லாம் முடிஞ்சுது. வண்டிய வாங்கற அந்தப் பல் டாக்டர் வந்துடுவாரில்ல?

— காலையிலயே வந்துட்டாராம். நல்ல மனுஷன். ரவுண்டு முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் சாவிய அவர் கையில குடுக்கணும், அதுதான் அவங்க முறையாம். சாவி கைமாறற வரைக்கும் மனசு மாறலாமாம், யாரும் கோவிச்சுக்கக் கூடாதாம்.

— மனசு எதுக்கு மாறுது. சின்னப் பொண்ணு நீ, தினம் தூங்கி எந்திரிச்சா அந்த உறை போட்ட வண்டி முகத்துலயா முழிக்கறது? உனக்காகத்தானே விக்கச் சொன்னேன்.

— எனக்காகவா? உங்களால பாக்க முடியலன்னுதானே நான் சரின்னேன். நான் எங்க மாமா வேணாம்னு சொன்னேன்? உறையத் தூக்கிட்டு உள்ள போய் உக்காந்துக்குவேன். அவர் வாசனை இன்னும் இருக்கு.

— இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?

— நீங்க சொன்னீங்களா?

— சரி சரி. அந்தா பாரு, கையக் காட்டறான் உன் ஸ்பேனரு. மெதுவா திருப்பு. ஆத்தாடி, எத்தன வண்டி. செவப்பும் மஞ்சளும், மிட்டாய்க் கடை மாதிரி. எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது.

— எஞ்சினக் காட்டறதுக்காகத் திறந்து வச்சிருக்காங்க மாமா.

— பல் டாக்டருக்கு ஏத்த இடந்தான். ரைட், வச்சுக்க. நிறுத்து.

— வா தங்கச்சி, வா. அந்த மரத்தடியில நிழல் இருக்கேன்னுதான் இங்க வரச் சொன்னேன். அப்பா, இருங்க, கதவ நான் திறக்கறேன். கைய என் தோள்ல போடுங்க. அதாகப்பட்டது, மொதல்ல அந்தக் காலு, அப்புறம் இது.

— நான் என்ன புதுப் பொண்ணா ஸ்பேனரு, தாங்கித் தாங்கி இறக்கற? தானா இறங்குவேன். பாத்தியா, இறங்கிட்டேன்.

— நோகலயாப்பா?

— நோகல. அதென்ன நீயும் அதையே கேக்கற? உன் கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?

— தூசி. அதாகப்பட்டது, மைதானம் பூரா தூசிப்பா.

— அண்ணே, டாக்டர் போன்ல ஒரே ஒரு வேலை சொன்னார். இந்தப் பக்கத்து சீட்டு முன்னாடி நகரவே மாட்டேங்குதில்ல? கடைசி வரைக்கும் பின்னால போய், சாஞ்சுக்கிட்டு அப்படியே நிக்குது. அவர் வீட்டுக்காரம்மா குள்ளமாம், கால் எட்டாதாம். கையோட சரி பண்ணிடறீங்களா?

— உனக்கு எட்டுமாம்மா?

— எனக்கும்தான் எட்டாது. கடைக்குப் போயிட்டு வர்றப்ப ரெண்டு காலும் அந்தரத்துல தொங்கும். ரிப்பேர் பாருங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன் அவர்கிட்ட. பாக்கலாம் பாக்கலாம்பார்.

— என்ன ஸ்பேனரு, வேலை சொன்னதும் வேற பக்கம் பாக்கற?

— அதாகப்பட்டதுப்பா, அது ரிப்பேர் இல்ல.

— நகரலங்கறாங்க, ரிப்பேர் இல்லங்கற?

— நகரக் கூடாதுன்னு நான்தான் போல்ட் போட்டு முடுக்கினேன். நம்மாளு சொல்லி. கீழ இருந்த தகட்ட வெட்டி, ஒரு ஜாண் பின்னால தள்ளி, தொடை படற இடத்துல பஞ்சு கூட வச்சு. மூணு தடவ கழட்ட வச்சான் என்ன. "இல்லடா, முட்டி மடங்கும், இன்னும் தள்ளு"ன்னான்.

— யாரு முட்டி அண்ணே?

— இந்த ஊர்ல முட்டி மடங்காத டிரைவர் எத்தன பேரு தங்கச்சி?

— என்னடா சொல்ற.

— சத்தியம்ப்பா. ஒரு வயர் துண்டு கொண்டு வந்தான். இடுப்புல இருந்து குதிகால் வரைக்கும் இதான் அளவுன்னான். எப்படிடா எடுத்த, உங்கப்பாதான் உன்கிட்ட பேசறதில்லையேன்னேன். தூங்கறப்ப எடுத்தேன்னான்.

— தூங்கறப்பவா. இரு. ஒரு நாள் மத்தியானம் முழிச்சுப் பாத்தா காலடியில குந்திக்கிட்டு இருந்தான். என்னடான்னேன். கொசுன்னான். அந்த ஒரு வார்த்தைதான். நானும் வெறப்பா திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

— மாமா, உக்காருங்க. இப்படி வண்டி மேல சாஞ்சுக்கோங்க. அண்ணே, தண்ணி குடுங்க.

— வேணாம்மா. அவன் சொல்லட்டும். ஏன்டா எனக்கு யாரும் சொல்லல?

— வாயத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்ப்பா. "சொல்லி ஏத்தினா அது எங்கப்பா இல்ல. அவரா மனசு வந்து ஏறணும். ஏறினா கால் சொல்லும்"னான். நாங்கூட இதெல்லாம் நடக்கற கதையாடான்னேன். இப்ப நீங்க நோகாம இறங்கி நிக்கறதப் பாத்ததும், அதாகப்பட்டது, தூசி இல்லப்பா அது.

— அப்போ ரவுண்டுல? ரவுண்டுல அவர் பக்கத்துல யாருண்ணே உக்காருவாங்க?

— யாரும் இல்ல தங்கச்சி.

— காலி சீட்டோட விட மாட்டாங்கன்னீங்களே.

— அபராதம் உண்டு. காலி சீட்டோட சுத்தறவன் அன்னிக்கு வந்த அத்தன வண்டியையும் கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். வருஷா வருஷம் கழுவினான். எங்களுக்கெல்லாம் ஒரே கேலி. நான் உக்காரறேன்டான்னா விட மாட்டான். ஒரு துண்ட மடிச்சு சீட்டுல போட்டு வச்சிருப்பான், பஸ்ல இடம் புடிக்கற மாதிரி. எவன் கதவத் தொட்டாலும் ஒரே பேச்சு. "ஆள் வருது."

— அதான் நனைஞ்சு வந்தாரா. மழைன்னு பொய் சொல்லிட்டு.

— அதாகப்பட்டது, சோப்புத் தண்ணி.

— மாமா, பாத்தீங்களா. என்ன விட வேண்டிய ஆள் யாருன்னு இத்தன வருஷமா உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டிருந்தேன். பக்கத்து ரூம்லயே இருந்திருக்கீங்க.

— என்ன மன்னிச்சிடும்மா. உன் சீட்டயும் சேத்து நான்தான் காலியா வச்சிருக்கேன்.

— அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு அந்த முள்ளு இப்ப இல்ல மாமா. நிஜமா. இதுக்காகன்னு தெரிஞ்சிருந்தா நானும் அவர்கூட வந்து வண்டி கழுவியிருப்பேன்.

— எத்தன வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன் ஸ்பேனரு. லேட்டா ஓடி வர்ற ஒருத்தருக்காகவும் நான் வண்டிய நிறுத்தி வச்சதில்ல. கைய ஆட்டிக்கிட்டே வருவாங்க, கண்ணாடியில பாப்பேன், ரைட்டுன்னு எடுத்துடுவேன். அதுல ஒரு பெருமை எனக்கு. என் வயித்துல பொறந்த பய...

— வயித்துல அத்தைதானே சுமந்தாங்க மாமா. அவங்க குணம் வந்திருக்கும்.

— ஆமாம்மா. அவ நிறுத்துவா. யாருக்காக இருந்தாலும் நிப்பா.

— அப்பா, ரவுண்டுக்கு வண்டிங்க வரிசை கட்டுது. மைக்குல படிக்கணும், ஓனர் யாரு, பக்கத்துல யாருன்னு கேப்பாங்க. அதுக்குள்ள டாக்டர் வேற இந்தப் பக்கமா வராரு. சீட்டக் கழட்டிட்டியான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல? என்னால அந்தப் போல்ட்டுல கை வைக்க முடியாதுப்பா. வேற யாரையாவது வச்சுக் கழட்டிக்கச் சொல்லுங்க.

— மாமா, வாக்கு குடுத்திருக்கோம். நீங்க எது சொன்னாலும் சரி. குடுன்னா சிரிச்ச முகமா குடுத்துடுவேன்.

— நீ மொதல்ல ஸ்டியரிங்ல உக்காரு. தலகாணிய முதுகுக்குச் சரியா வச்சுக்க. பல்லைக் கடிக்காத. ஸ்பேனரு, கதவத் திற. கையெல்லாம் குடுக்க வேணாம், நானா ஏறிக்கறேன்.

— அண்ணே, டாக்டர் வந்துட்டார். மாமா?

— அந்தத் துண்ட எடுத்து என் தோள்ல போடும்மா. போட்டுட்டு அவர்கிட்ட பதமா சொல்லு, கோவிச்சுக்க வேணாம், இந்த சீட்டுக்கு ஆள் வந்தாச்சுன்னு.