பதினோரு புடவைகளும் ஒரு சொல்லும்

விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் பட்டுக்கடை முதலாளி அனந்தராஜ் அவர்களே, ஆரணிக்கு அழகு சேர்க்கும் அருமை நெசவாளப் பெரியோர்களே, தறிக்குத் தார் நூல் சுற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, முள்ளிப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் ஐயா குப்புராஜ் அவர்களே! முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தக் கடைக்கு ஆங்கிலக் கடிதம் எழுதி, இன்றோடு ஓய்வு பெறும் இவாஞ்சலினின் வணக்கம்.

யாரது, சீக்கிரம் முடிக்கச் சொல்வது? வடை வாசம் எனக்கும்தான் வருகிறது தம்பி. கொஞ்சம் பொறுங்கள்.

என்ன நாட்கள் அவை! மாடியறை, மை மணக்கும் டைப்ரைட்டர், கீழே புதுப்பட்டின் வாசம். இனித்த அந்நாட்களில் கசந்த நாள் ஒன்றும் உண்டு. டெல்லிக்குப் போன பதினோரு புடவைகள் கறையோடு திரும்பி வந்தன. நெய்தவர் குப்புராஜ். "ஜல்தியா டெல்லிக்கு ஒரு லெட்டர் அடிம்மா" என்றார் அன்றைய மேனேஜர். கறைக்குக் காரணம் 'டிஃபெக்ட்' என்று அடித்தேன்.

டிஃபெக்ட் என்றால் செய்யும்போதே வந்த குறை. டேமேஜ் என்றால் செய்து முடித்தபின் பட்ட அடி. முன்னது நெய்தவர் தலையில் விழும், பின்னது கொண்டுபோனவர் தலையில் விழும். இதை யோசித்தேனா? புடவையைப் பிரித்தாவது பார்த்தேனா? இல்லை. அந்தக் கடிதத்தை வைத்து, குப்புராஜுக்கு நெய்வதற்குப் பாவு நூல் தருவதை நிறுத்தினார்கள். இரண்டு மாதம் அவர் தறி சும்மா கிடந்தது.

ஒருநாள் படியேறி வந்தார். ஒரு புடவையை என் மேசையில் விரித்தார். "பாருங்கம்மா, கறை மடிப்பு மடிப்பாத்தான் இருக்குது. தறியில புடவை சுருண்டுகினுதான் இருக்கும், மடியாது. மடிக்கிறது இங்க கடையிலதானே?"

அன்றே லாரி கம்பெனிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். டேமேஜ் என்று எழுதினேன். பார்சல் மழையில் நனைந்ததை லாரிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். பாவு மறுபடி அவர் வீட்டுக்குப் போனது.

அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஐயா என் வீட்டுக்கு வருவார். "என் தறியைக் காப்பாத்துனது இந்தம்மாதான்" என்பார். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு கேக்கை நீட்டுவேன்.

இன்னும் இரண்டு சொற்கள் பாக்கி. எக்ஸ்கியூஸ் என்றால் தப்புக்குக் காரணம் தேடுவது. அபாலஜி என்றால் தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்வது. வேலை புதிது, மேனேஜர் அவசரப்படுத்தினார், எனக்கென்ன தெரியும்? இத்தனை ஆண்டுகளும் முதல் சொல்லோடுதான் குடித்தனம் நடத்தினேன். இன்று இரண்டாவதைக் கொண்டுவந்திருக்கிறேன். ஐயா, உங்கள் தறியை நிறுத்திய அந்த முதல் கடிதத்தை அடித்ததும் நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.

என்னங்க ஐயா, எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள், மைக் இல்லாமலே கேட்கும்.

"அப்பவே தெரியும்மா. அந்தக் கடையில இங்கிலீஷ் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தானே."

கேட்டீர்களா, தாய்மார்களே? தெரிந்துகொண்டேதான் வந்திருக்கிறார், வருஷா வருஷம். ஐயா, இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வர வேண்டாம். கேக்கோடு முள்ளிப்பட்டுக்கு நான் வருகிறேன்.

வடை ஆறுவதற்குள் விடைபெறுகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட அவருக்கும் நன்றி, வணக்கம்.