எந்த வரேன்?

— கேளுங்கக்கா, படிக்கிறேன். "பதினாலாம் தேதி, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஒரு டிக்கெட் போதும் என்ற இடத்தில் இரண்டு வாங்கிவிட்டேன்."

— நல்ல கதையா இருக்கே! பொழுது இன்னும் சாயக்கூட இல்ல, அதுக்குள்ள டைரியை முடிச்சிட்டியா கண்ணு?

— முடிக்கலக்கா. சாயங்கால ஓவிய வகுப்புல சார் சொல்லியிருக்காரு, பாத்ததைப் பாத்த இடத்துலயே எழுதிடணும்னு. வீட்டுக்குப் போய் எழுதினா நம்ம இஷ்டத்துக்கு அழகு பண்ணிடுவோமாம்.

— உன் சார் கூட்டிட்டு வந்த கும்பல் காலையிலயே உள்ள போயிடுச்சு. நீ மட்டும் என் டிக்கெட் ஜன்னலுக்கு எதிர்ல கொடிக்கம்பம் மாதிரி நிக்கிற. யாரு வரணும்?

— எங்கப்பா.

— போன் பண்ணிப் பாக்கறது?

— அணைஞ்சிருக்கு. பஸ் ஓட்டுறாரு. வண்டியில ஏறினா போனை அணைச்சிடுவாரு. அதனால... சரியா சொல்லணும்னா, வேலைக்குப் போயிட்டாருன்னு அர்த்தம்.

— வரேன்னு சொன்னாரா, இல்லையா?

— அதுதான்க்கா குழப்பமே. "ஞாயித்துக்கிழமை அந்த ஓவியரோட வீட்டைப் பாக்கப் போறோம்ப்பா, உங்களுக்கும் டிக்கெட் வாங்கிட்டு வாசல்ல நிக்கிறேன்"னேன். "சரிம்மா, வரேன்"னாரு. போனை வெச்சிட்டாரு.

— அப்புறம் என்ன?

— எந்த வரேன்?

— வரேன்ல என்ன எந்த வரேன்?

— போனை வைக்கிறப்பவும் வரேன்னுதானே வைக்கிறோம்? போறேன்னு யாருக்கா சொல்றா?

— அட, ஆமா. நான்கூட தினம் ஜன்னலைச் சாத்திட்டு வரேன்னுதான் கிளம்பறேன். மறுநாள் வந்தும் தொலைக்கிறேன், அது வேற.

— எனக்கு ஏழு வயசு இருக்கறப்போ, பெட்டியைத் தூக்கிக்கிட்டு, அம்மாகிட்ட ஒண்ணும் பேசாம, என்கிட்ட மட்டும் "வரேன்டா குட்டி"ன்னாரு. நான் படியிலயே உக்காந்திருந்தேன். சாப்பிடக்கூட எந்திரிக்கல. இப்ப அவருக்கு வேற வீடு, வேற புள்ளைங்க.

— அம்மா?

— போன வருஷம் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நானா போன் பண்ண ஆரம்பிச்சேன். வேற யாருக்குப் பண்றது?

— ம்... வா உள்ள. எனக்கு மாத்து ஆள் வந்தாச்சு. டிக்கெட்டை வீணாக்காத, நானே சுத்திக் காட்டறேன்.

— அப்பா வந்துட்டா?

— வந்தா உள்ள அனுப்பச் சொல்லிட்டு வரேன். இது நிஜ வரேன், நில்லு... வா, சொல்லியாச்சு. தலையைக் குனிஞ்சு வா, ஓவியர் குள்ளம், நிலையும் குள்ளம். இதுதான் அவரோட சமையலறை.

— நீலம். அடுப்பு மேல வரைக்கும் நீலமா?

— மிச்சமான வண்ணத்தையெல்லாம் இங்க அடிச்சிட்டாராம். எல்லாரும் இந்த நீலத்தைத்தான் போட்டோ எடுப்பாங்க. நீ என்னத்த அப்படி உத்துப் பாக்குற?

— அவரு மூக்குக்கண்ணாடி. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன். இடது பக்கம் ரொம்ப தடிமன் பாருங்க. கடைசிக் காலத்துல, தூரத்துல நடந்து வர்ற ஆளு யாருன்னே தெரிஞ்சிருக்காது அவருக்கு. ஒருவேளை நான் தப்பா சொல்றேனோ என்னவோ.

— இத்தனை வருஷம் துடைச்சு வெக்கிறேன், எனக்குத் தோணல பாரு. வா, பின்பக்கம் தோட்டம். அதோ குளம், அதோ பெஞ்சு.

— இந்த பெஞ்சுதானே படத்துலயெல்லாம்? சுவரு முழுக்க இதே பெஞ்சு. ஒண்ணுலகூட ஆள் இல்ல.

— யாருக்காக வெச்சிருந்தாருன்னு ஆளாளுக்கு ஒரு கதை. வெளிச்சத்துக்காகன்னு கைடு சொல்லுவான். உக்காராத, உக்காராத! கயிறு கட்டியிருக்கு தெரியல?

— என்ன தங்கச்சி, டிக்கெட் ஜன்னலை விட்டுட்டுக் குளத்தங்கரையில சத்தம்?

— வாங்கண்ணே. கண்ணு, இவருதான் தோட்டக்காரர். குளத்துக்குக் காவல், கீழ் வாசலுக்கும் காவல்.

— கீழ் வாசலா? இன்னொரு வாசல் இருக்கா?

— இல்லாம? வேன்ல வர்றவங்க வீட்டு வாசல்ல இறங்குவாங்க. பஸ்ல வர்றவங்க என் வாசல்ல. கேட்டியா தங்கச்சி, இன்னிக்கு என் வாசல்ல ஒரு ஆளு. இஸ்திரி போட்ட சட்டை. காலையிலேர்ந்து அசையல மனுஷன். நிழல் அந்தப் பக்கம் போயிடுச்சு, அவரு வெயில்லயே நிக்கிறாரு.

— யாருண்ணே அது?

— பஸ் டிரைவராம். "எம் பொண்ணு டிக்கெட் வாங்கிட்டு வாசல்ல நிக்கிறேன்னிச்சு, படம் வரையுற பொண்ணு"ன்னு போற வர்றவங்ககிட்டயெல்லாம் பெருமை. போன்ல சார்ஜ் செத்துப்போச்சு. என் போனைக் குடுத்தேன். பொண்ணு நம்பர் மனப்பாடமா தெரியாதாம்.

— அண்ணே, அவரைச் சுத்தி எங்க வாசலுக்கு அனுப்பியிருக்கலாம்ல?

— சொன்னேனே! "நான் நகர்ந்த நேரம் பாத்து அவ இங்க வந்துட்டா? ஒரு தடவை ஏமாத்தினது போதும்"னுட்டாரு.

— இப்ப... இப்ப இருக்காரா?

— சாயங்கால வண்டி எடுக்கணுமாம், இப்பதான் பஸ் ஏறினாரு. ஓடாத பாப்பா, பஸ் வளைவு தாண்டிடுச்சு. யாரு தங்கச்சி இந்தப் பொண்ணு?

— அந்தப் பொண்ணுதாண்ணே.

— அடடா.

— போகும்போது என்ன சொன்னாரு?

— என்னத்த சொல்லுவாங்க? வரேன்னாரு.

— உக்காரு கண்ணு. கயிறு கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன். உக்காரு. ஏண்ணே, கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்... என்ன பண்ற, அழுதுக்கிட்டே என்னத்த எழுதுற?

— முன்னாடி எழுதினதை அடிச்சிட்டேன்க்கா. "இன்று செய்த தவறு: எந்த வாசல் என்று சொல்லவில்லை."

— அவ்வளவுதானா?

— இன்னும் ஒண்ணு இருக்கு. "நாளை: கடை முடிந்ததும் பஸ் டிப்போவுக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே எத்தனை வாசல் என்று முதலில் விசாரிக்க வேண்டும்."