சுவைத்தவர் கையெழுத்து

காபி நன்றாக இருந்தது என்றுதான் நானும் சொன்னேன், ஐயா. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகு, சர்க்கரைக்குப் பதில் இரண்டு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். உங்கள் கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. போன ஐப்பசியிலிருந்து யாராவது இப்படி ஒரு டம்ளரை நீட்டிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். இன்றைக்கு அது முடிந்தது. சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் தாண்டவராயன். சொந்த ஊர் கோவளம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பெங்களூருக்குப் போய் ஒரு பீர் கம்பெனியில் பாட்டில் கழுவும் வேலையில் சேர்ந்தேன். ஒன்பது வருஷத்தில் ருசி பார்க்கும் மேஜைக்கு வந்துவிட்டேன். படித்து வந்தவர்களெல்லாம் முழித்துக்கொண்டு நிற்கும்போது, ஒரே வாயில் இது எத்தனை நாள் தொட்டியில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இங்கே மதுவிலக்கை எடுத்த மறுவருஷம், எழுபத்திரண்டில், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிட்டார்கள். குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள்.

எங்கள் சரக்கில் பேர்போனது கருப்பு பீர். மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டல்களில் வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். பார்லியைக் கருக வறுத்து, ஹாப்ஸ் என்று ஒரு காய்ந்த பூ, அதை மற்ற பீருக்குப் போடுவதைப்போல் இரண்டு பங்கு போட்டுச் செய்வது. அதற்குத் தீர்ப்புச் சொல்வது லேசான காரியமில்லை. கருகலும் கசப்பும் சேர்ந்து மற்ற எல்லா ருசியையும் மூடிவிடும். சாதாரண பீரில் ஒரு குறை இருந்தால் எட்டிப் பார்த்துவிடும். கருப்பு பீரில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ருசி பார்ப்பதற்குச் சில விதிகள் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும். வெற்றிலை, வெங்காயம் கூடாது. துப்பக் கூடாது, விழுங்க வேண்டும். கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் அதன் முழு குணம் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், ருசி பார்க்கிற ஆளிடம் இது எந்தத் தொட்டி, என்ன சந்தேகம் என்று முன்கூட்டிச் சொல்லவே கூடாது. சொல்லிவிட்டால் நாக்கு அதையே தேடிக்கொண்டு போகும். இல்லாதது இருப்பதாகத் தோன்றும். இந்தக் கடைசி விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை, ஐயா. அதைக் கொஞ்சம் அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

போன வருஷம் ஐப்பசியில் எனக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் படுக்கை. எழுந்து உட்கார்ந்து முதல்முதலாகச் சோறு தின்ற அன்று, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என் மனைவி வச்சலா பிறகு தன் தட்டில் குழம்பை ஊற்றி ஒரு வாய் வைத்தவள் சிரித்துவிட்டாள்.

"இன்னா மாமா, உப்பே போடாம எறக்கிக்கிறேன். ஒண்ணும் சொல்லாம துன்னுட்டு எய்ந்துட்டியே."

நானும் சிரித்தேன். என் சிரிப்பைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது. எழுந்து போய் ஒரு கை உப்பை எடுத்து வந்து என் நாக்கில் வைத்தாள். மணல் மாதிரி இருந்தது. புளியை வைத்தாள், மிளகாயை வைத்தாள். மிளகாய் எரிந்தது, அவ்வளவுதான். "சொல்லிடு மாமா, மேனேஜராண்ட சொல்லி வேற வேல கேளு" என்றாள். அவளுக்கு உலகம் தெரியாது. நாக்கில்லாத ருசிக்காரனுக்கு மறுபடி பாட்டில் கழுவுகிற வேலையைத்தான் கொடுப்பார்கள். என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறவர்கள் முன்னால் நான் போய்ப் பிரஷ்ஷும் கையுமாக நிற்க வேண்டும்.

வச்சலாவுக்குச் சொந்த ஊர் கடப்பாக்கம். அவள் வீட்டார் கருவாடு போடுகிறவர்கள். மீனில் உப்பு ஏறியிருக்கிறதா, இன்னும் ஒரு வெயில் வேண்டுமா என்று நுனி நாக்கில் தொட்டுச் சொல்லிவிடுவாள். அவளுக்கு அது மூச்சு விடுவதுபோல. எனக்குப் பதிலாக அவளை ருசி பார்க்க வைக்கலாம் என்று அப்போதுதான் வழி தெரிந்தது.

முதலில் மாட்டேன் என்று அழுதாள். அவள் அப்பா சாராயம் குடித்தே செத்தவர். பாட்டில் இருக்கிற இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். கட்டாயப்படுத்தவில்லை, ஐயா. இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை அவளே மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளரை எடுத்தாள்.

அதன் பிறகு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. சாயங்காலம் பிளாஸ்க்கில் மாதிரி எடுத்து வருவேன். விடிந்ததும், அவள் பல் துலக்கி வந்தவுடன், அடுப்படியில் உட்கார வைத்துக் கொடுப்பேன். "அடிப்புடிச்ச கேவுரு கூழு மாரி கீது மாமா" என்பாள். "வேப்பம்பூவ வறுத்தாப்புல கசக்குது, ஆனா பின்னாடியே நாரத்தங்கா தோலு வாசன வருது" என்பாள். நான் ஆபீசுக்குப் போய், வறுவல் சற்று அதிகம், கசப்பு நீடிக்கிறது, எலுமிச்சை இன வாசனை என்று இங்கிலீஷில் ரிஜிஸ்தரில் எழுதி, சுவைத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். மேனேஜர் பாலசுப்ரமணியன் அதைப் படித்துவிட்டு, "தாண்டவராயன், உங்க நாக்குக்குத் தங்கப் பூண் போடணும்" என்று மெச்சுவார். அதை வச்சலாவிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறி நிதானம் போய்விடும்.

இதில் அவளுக்குச் சங்கடம் இல்லாமல் இல்லை. ஏலக்காய் மென்றாலும் அந்த வாடை போகாது. "தண்ணிக் கொயாயாண்ட போனா, எல்லாரும் கொடத்த எடுத்துகினு ஒதுங்கிக்கிறாளுங்க மாமா. குடிகாரின்றாளுங்க" என்று ஒருநாள் சொன்னாள். தைப் பொங்கலுக்கு அவள் அக்கா சொர்ணம் கருவாட்டுக் கூடையோடு வந்தவள், வாசற்படியிலேயே மோப்பம் பிடித்துவிட்டாள். "அப்பன் குடிச்சிச் செத்தது பத்தாதாடி" என்று கன்னத்தில் ஒன்று விட்டாள். வச்சலா என்னைப் பார்த்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ன சொல்லியிருக்க முடியும்? ஒரு வார்த்தை சொன்னால் முழுவதும் வெளியே வந்துவிடும். அவளும் சொல்லவில்லை. எங்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை இருந்தது.

சித்திரையில் அவளுக்குச் சளி பிடித்தது. ருசி தெரியாமல் ஏதோ உளறிவிட்டாள். நான் ஒரு நல்ல தொட்டியைக் கொட்டச் சொல்லிவிட்டேன். மேனேஜர் கத்தவில்லை. "வயசாறதில்லையா, ஒத்தாசைக்கு பெங்களூர்லேர்ந்து இன்னொருத்தரை வரவழைக்கலாம்னு இருக்கேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வழியில்ல" என்றார். எனக்கு முப்பத்தெட்டு வயசு. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. பெங்களூர்க்காரன் எதிரில் உட்கார்ந்து ஒரே டம்ளரில் இருவரும் பார்த்தால், முதல் நாளே என் வேஷம் கலைந்துவிடும். ஒவ்வொரு காலையும் வச்சலாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் "போதும் மாமா, என்ன உட்டுடு" என்று ஆரம்பிப்பாள். இந்த ஒரு தொட்டி மட்டும் என்பேன்.

இப்போது ஆவணிக்கு வருகிறேன்.

தொட்டிக்குள் ஒரு குழாய் சுற்றிச் சுற்றி இறங்கியிருக்கும். பீரைக் குளிர வைக்க அதில் உப்புத் தண்ணீர் ஓடும். குழாய் துருப்பிடிக்காமலிருக்க அந்தத் தண்ணீரில் ஒரு மஞ்சள் மருந்து கலந்திருப்பார்கள். அது விஷம். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக் துரை அன்று மத்தியானம் என்னிடம் ஓடி வந்தான்.

"சாரே, மூணாம் நம்பர் டாங்கியில பைப்பு எங்கியோ ஒழுவுது போலக் கீது. உப்புத்தண்ணி கொறஞ்சிகினே வருது. நீ பாத்தீனா தெரிஞ்சிடும், உப்பு காட்டிக் குடுத்துடும். ஆனா முயுங்கிடாத சாரே. நாக்கு நுனியில வெச்சிட்டுத் துப்பிடு, வாய நல்லா கொப்பளிச்சிக்கோ. பேஜாரு புடிச்ச மருந்து அது."

மெட்ராஸுக்கு அனுப்பிச் சோதித்துவிடலாமா என்று மேனேஜரிடமும் கேட்டான். "நாலு நாள் ஆகும். தாண்டவராயன் நாக்கு இருக்கறச்சே லேப் எதுக்கு?" என்றார் அவர். அனுப்பிவிடலாம் சார் என்று நான் சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன். என் நாக்கின்மேல் இன்னும் அவருக்கு அத்தனை நம்பிக்கை இருந்தது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஐயா.

சந்தேகத்துக்காகத் தொட்டியைக் கொட்ட முடியாது, கவனியுங்கள். உப்பு இல்லாமல் கொட்டினால் சித்திரையில் செய்த தவறு இரண்டாம் முறை. உப்பு இருந்தும் தொட்டியை விட்டுவிட்டால் யாராவது சாவார்கள். எனக்கு உறுதியான பதில் வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கொடுத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வது விதிக்கு விரோதம். கால் டம்ளர் குடித்துவிட்டு, "கசப்பு ஜாஸ்தியா கீது மாமா" என்றாள். வேறு என்ன என்றேன். உப்பு என்ற வார்த்தையை நான் வாயில் எடுக்கக் கூடாதே. இன்னும் அரை டம்ளர் ஊற்றினேன். "தெர்லியே" என்றாள். மறுபடி ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விழுங்கினாள். "நம்மூர்ல மீன் ஒலத்துற பாய மோந்தாப்புல... இல்ல, உப்புதான். கொஞ்சூண்டு உப்பு கீது மாமா" என்றாள். நிச்சயமா என்றேன். மிச்சமிருப்பதையும் குடித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றாள். பிளாஸ்க்கில் இருந்ததை எல்லாம் ஊற்றிக் கொடுத்தேன்.

"உப்புதான். எங்கப்பன் மேல சத்தியம்" என்றாள்.

ஆபீசுக்குப் போய், உப்பு தெரிகிறது, தொட்டியை நிராகரிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழாயை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். கசிவு இருந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெங்களூர்க்காரன் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். துரை என் காலைத் தொட்டுக் கும்பிட வந்துவிட்டான். ஒன்பது மாசம் கழித்து அன்றுதான் நான் நிமிர்ந்து நடந்தேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அவள் குளியலறையில் கிடந்தாள். வாந்தி நிற்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் என்னை மூன்று முறை கேட்டார். "எதைச் சாப்பிட்டாங்க? மறைக்காம சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி பார்க்கலாம்" என்றார். சொர்ணம் அனுப்பிய கருவாடு என்றேன். வச்சலா தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள். அப்புறம், "ஆமா டாக்டரே, கருவாடுதான்" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

சிறுநீரகம் இரண்டும் நின்று நான்காம் நாள் போனாள். மூன்றாம் நாள் கொஞ்சம் நினைவிருந்தது. அருகில் வரச் சொல்லி, "நான் சொன்னது சரியா வந்துச்சா மாமா?" என்று கேட்டாள். சரியாக வந்தது என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஐயா, அதையும் எழுதுங்கள்.

சொர்ணத்தை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். "என் கருவாடு ஒருத்தரையும் கொன்னதில்ல" என்று கூவி, எங்கள் வீட்டுப் பானையில் மிச்சமிருந்ததை எல்லாம் குவார்ட்டர்ஸ் பெண்கள் எதிரிலேயே சுட்டுத் தின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரியத்தன்று எனக்குப் பாயசம் வைத்தாள். நான் குடித்துவிட்டேன். அதில் வெல்லமே இல்லையாம். அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். என்னைத் தூக்கில் போடச் சொல்லி அவள் கேட்கவில்லையாம். தன் தங்கை குடிகாரி இல்லை, ருசி பார்த்தவள் அவள்தான் என்று அந்த ரிஜிஸ்தரில் எழுத வேண்டும், அதைத் தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும், அதுதான் வேண்டுமாம்.

ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். துரை சொன்னதை நான் ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் அவள் குடித்திருக்க மாட்டாள். அதனால்தான் சொல்லவில்லை. துப்பச் சொல்லாததும் அதனால்தான். ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னால் என் வேஷம் கலைந்துவிடும், அதனால் சொல்லவில்லை. வச்சலாவைக் கொன்றது நான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தண்டனை எதுவானாலும் சரி.

அந்த ரிஜிஸ்தரில் மட்டும் கை வைக்காதீர்கள். எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றிய பக்கம் அது. சுவைத்தவர் என்ற இடத்தில் இருக்கிற என் பெயரை அடிக்க வேண்டாம், ஐயா. அந்தக் கசப்புக்குள்ளிருந்து உப்பைக் கண்டுபிடித்தது நான்தான்.