அம்மாவின் குரலில்

டென்மார்க்கின் வைலே நகரில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கையிலிருந்து கேட்டது: "பொய்யா அழப் பழகிறதுக்கு என்ர ஒரு மாதச் சம்பளமோ?"

தாயும் மகளும். மகளுக்குப் பதினேழு வயதிருக்கும். அவள் மடிக்கணினியில் கோடைகால நாடகப் பயிற்சிக்கான விண்ணப்பம் திறந்திருந்தது.

"மூண்டு கிழமை அங்க தங்கிப் பழகிறதுதானே அம்மா. நாடகக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முதல், என்னால ஏலுமோ எண்டு பாக்க வேணும்."

"ஏலாட்டி? காசைத் திருப்பித் தருவினமோ?"

"ஒன்பது வயசில இருந்து நகரசபைக் கந்தோரோட போனில உங்கட குரலில கதைக்கிறன். ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. அது நடிப்பில்லையோ?"

"மெல்லமாக் கதை!"

அந்த நேரம் பார்த்துத் தாயின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தவர், "கந்தோர்," என்று அதை மகளிடம் நீட்டினார். மகள் முறைத்துக்கொண்டே வாங்கினாள். தாயின் பெயரைச் சொல்லி, தாயின் களைத்த குரலில், தமிழ் வாடையடிக்கும் டேனிஷில் பேசினாள். பேசுவது தாய்தானோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உங்களை வரட்டாம்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

தாய் அதைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"அந்த மூண்டு கிழமையும் எனக்காக ஆர் கதைக்கிறது?"