கைப்பிடி உடைந்த டிராயர்

மெக்கானிக்: அதைத் தொடாதே மாப்ள! அது ஓடும்.

மச்சினன்: எது, இந்த ஃபேனா? இதுல ரெண்டு இறக்கையைக் காணோம் மாமா.

மெக்கானிக்: இறக்கை கிடைச்சா ஓடும்னு சொல்றேன்...

மச்சினன்: இறக்கை கிடைச்சா நான்கூடத்தான் பறப்பேன். போடுங்க பழைய இரும்புல.

மெக்கானிக்: சரி, போடு. எனக்குத் தெரியாம போடு. அந்த மிக்ஸியை மட்டும்...

மச்சினன்: எந்த மிக்ஸி? கட்டில் மேல இருக்கறதா, கட்டிலுக்கு அடியிலயா? ஆமா, நீங்க எங்க படுக்கறீங்க?

மெக்கானிக்: நடுவுல. கிண்டல் பண்ணாம தூக்குடா. ஆறு மணிக்கு உங்கக்கா ரயில் வந்துடும். சும்மா சும்மா ஜன்னலை ஏன் எட்டிப் பாக்கற?

மச்சினன்: தூசி மாமா... மூச்சு முட்டுது.

மெக்கானிக்: ஒரு பொழுதுல முடியற வேலையா இது?

மச்சினன்: அதனாலதானே அக்கா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனா? ஒரேயடியா மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு மூலை போதும். இன்னிக்கு ஒரு டிராயர், நாளைக்கு ஒரு தட்டுன்னு. நீங்களும் தினமும் காலி டிராயரைப் படம் புடிச்சு அனுப்பினீங்களே, அக்கா காட்டினா...

மெக்கானிக்: காட்டினாளா? அவ வேலை பாக்கறது வேற ஊர்ல. நீ எப்படா அங்க போனே?

மச்சினன்: அனுப்பினா... அனுப்பினான்னு சொல்ல வந்தேன். அத்தனை டிராயர் காலி பண்ணியுமா வீடு இப்படிக் கிடக்கு?

மெக்கானிக்: அது வந்து... அத்தனையும் ஒரே டிராயர்.

மச்சினன்: என்னது!

மெக்கானிக்: கத்தாதே. ஒரு நாள் பேப்பர் விரிச்சு எடுத்தேன். ஒரு நாள் பச்சைத் துணி. ஒரு நாள் தலைகீழா...

மச்சினன்: தலைகீழா நின்னீங்களா?

மெக்கானிக்: ஃபோனைடா! சிரிச்சது போதும்.

மச்சினன்: சிரிக்காம? இப்படியா மாமா புளுகுவாங்க?

மெக்கானிக்: புளுகு இல்லடா. தினமும் நிஜமாவே காலி பண்ணினேன். அது அவ டிராயர். ‘ஒரு சீப்பு வைக்கவாவது எனக்கு இடம் விடுங்க’ன்னு கேட்டுட்டுத்தான் போனா. ராத்திரி துடைச்சு வைப்பேன். காலைல வேலைன்னு உக்காந்தா, கைல இருக்கற ஸ்க்ரூ, வாஷர், ஒயர்த் துண்டு... கை தன்னால அதைத்தான் திறக்குது. சாயந்தரம் பாத்தா மறுபடி ரொம்பிக் கிடக்கும்.

மச்சினன்: அடக் கடவுளே... அப்புறம்?

மெக்கானிக்: அப்புறம் என்ன, மறுபடி காலி பண்ணுவேன். அடுத்த டிராயருக்கு எங்க போறது?

மச்சினன்: இதை அப்படியே அவகிட்ட சொல்லிடுங்களேன். திட்டுவா, அவ்வளவுதானே?

மெக்கானிக்: திட்டினாப் பரவாயில்ல. அவளுக்கு இந்த ஊருக்கே மாத்தல் போட்டிருக்காங்க. வீட்டைப் பாத்துட்டுத்தான் வேணுமா வேண்டாமான்னு சொல்வேன்னுட்டா. வேண்டாம்னா அங்கயேதான். ஒத்தைத் தட்டு கழுவறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியுமா?

மச்சினன்: ஒரு தட்டு கழுவ என்ன கஷ்டம்?

மெக்கானிக்: ஒண்ணுதாங்கறதுதான்டா கஷ்டம்.

மச்சினன்: மாமா, அக்கா வந்து... சரி, விடுங்க.

மெக்கானிக்: என்னடா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? இரு, கீழ யாரு ஹாரன் அடிக்கறது?

மச்சினன்: ஏதோ லாரி மாமா. வழி தெரியாம வந்திருக்கும்.

மெக்கானிக்: நகரு, பாக்கறேன்... பீரோ, கட்டில், தையல் மெஷின்... அட, உங்கக்கா மெஷின் மாதிரியே இருக்கு!

மச்சினன்: மாதிரி இல்ல மாமா.

மெக்கானிக்: டேய்! காலைல நான் உதவிக்கு வாடான்னு ஃபோன் பண்ணப்ப நீ எங்க இருந்தே?

மச்சினன்: அந்த லாரியிலதான். அக்கா பக்கத்துல. ‘நீ முன்னால போ, மனுஷன் கொஞ்ச நேரம் பதறட்டும், அந்தப் பதட்டத்துலயாவது கட்டில் கண்ணுக்குத் தெரியும்’னா.

மனைவி: நகருங்க ரெண்டு பேரும். உள்ள கால் வைக்க வழியக் காணோம்.

மெக்கானிக்: நீ... ஆறு மணி ரயில்னு சொன்னியே?

மனைவி: சொன்னேன். நீங்க வீடு பூரா டிராயர் டிராயரா காலி பண்ணினதாச் சொல்லல? அந்த மாதிரிதான்.

மெக்கானிக்: ஐயோ... தெரியுமா?

மனைவி: எல்லாப் படத்துலயும் அதே உடைஞ்ச கைப்பிடி. ஃபோனைத் தலைகீழாப் புடிச்சா அது ஒட்டிக்குமா?

மெக்கானிக்: தெரிஞ்சுமா சாமானெல்லாம் ஏத்திட்டு வந்தே?

மனைவி: நான் கேட்டது அந்த ஒண்ணைத்தானே? அதைத்தானே விடாமத் துடைச்சீங்க. வேற எதைத் துடைச்சிருந்தாலும் யோசிச்சிருப்பேன். மிச்சத்தைச் சேர்ந்தே பண்ணலாம், ஒரு நாளைக்கு ஒரு மூலை. இன்னிக்கு இந்தக் கைப்பிடி மட்டும். புதுசா வாங்கிட்டு வந்திருக்கேன், மாட்டுங்க. ஸ்க்ரூடிரைவர் எங்க?

மெக்கானிக்: இதோ... இங்கதான்... இப்பதான் வெச்சேன்...

மச்சினன்: எங்க மாமா வெச்சீங்க?

மெக்கானிக்: அந்த டிராயர்லதான்.