வைகாசியில் விதைத்த பாகல்

ஆடியில் விதைக்க வேண்டியதை ஏன் வைகாசியிலேயே விதைத்தீர்கள் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. தோட்டம் தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி. கேட்டதும் எனக்கு உங்கள் மேல் மரியாதை வந்துவிட்டது.

வேப்பம்பட்டில் என் வீட்டுக் கொல்லை முழுக்கக் களிமண். ஒரு மழைக்கே தண்ணீர் நின்றுவிடும். அதனால் ஹாலோபிளாக் கல்லை இரண்டு வரிசை அடுக்கி, செம்மண்ணும் மக்கிய சாணமும் கொட்டி, ஆறடிக்கு மூன்றடியில் மேட்டுப் பாத்தி கட்டினேன். மேலே பச்சை வலை. நிழல் இருந்தால் வைகாசி வெயிலிலும் விதை முளைக்கும்.

முன்கூட்டி விதைத்ததற்குக் காரணம் சரசா அக்கா. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டி என்னைப் படிக்கவைத்தவள். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்தாள். மே மாதக் கடைசியில் டாக்டர், ஒன்றரை மாதம் தாங்கினால் பெரிது என்று சொல்லிவிட்டார். அழுதேன். பிறகு செய்ய வேண்டியதை யோசித்தேன்.

எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் படையலில் சமையல்காரர் கேரட், பீன்ஸ் பொரியல் வைத்துவிட்டார். காரியத்துக்கு நாட்டுக் காய்தான் ஆகும். உறவுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா அதை மறக்கவே இல்லை. "மானமே பூட்ச்சிடா. என் காரியத்துக்காவது நாட்டுக் காயா பாத்துப் போடு" என்பாள். அந்த ஆசையை நிறைவேற்றத்தான் இந்தப் பாத்தி.

கணக்கு எளிது. டாக்டர் சொன்ன ஒன்றரை மாதத்தோடு பதினாறு நாளைக் கூட்டி, ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காரியம் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினேன். பாகலுக்கு அறுபத்தைந்து நாள், அதை முதலில் ஊன்றி வலைக் கம்பியில் ஏற்றினேன். கொத்தவரைக்கு ஐம்பது நாள். முளைக்கீரைக்கு இருபத்தைந்து நாள் போதும், ஜூலை ஏழாம் தேதி தூவினேன். எல்லாம் ஒரே வாரத்தில் பறிப்புக்கு வரும். முதல் முறை போடுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அக்கா தேற ஆரம்பித்தாள். பிசியோதெரபிக்கு வரும் சித்ராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், நின்றாள். ஜூலை பதினைந்தாம் தேதி நான் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பிடித்தபடி கொல்லைக் கதவு வரைக்கும் வந்துவிட்டாள்.

"தோ பார்றா, நடந்துகினு வந்துட்டேன்" என்று சிரித்தாள். "கீரை வளரட்டும். நானே கிள்ளி, கடைஞ்சி ஒனக்குப் போடறேன்."

"சரிக்கா" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே பாத்தியைத் திரும்பிப் பார்த்தேன். பாகலில் பிஞ்சு விட்டிருந்தது. பிஞ்சு நமக்காகக் காத்திருக்காது. பழுத்தால் பிளந்துவிடும், கொத்தவரை நார் ஏறிவிடும், கீரை பூத்துவிடும். மறுபடி விதைத்தால் ஐப்பசி மழையில் எல்லாம் அழுகிப்போகும்.

பதினேழாம் தேதி, ஆடி முதல் நாள். பதினாறு நாள் எண்ணினால் சரியாக ஆகஸ்ட் ஒன்று. காலையில் இட்லி ஊட்டினேன். சாப்பிட்டுக் கண் அசந்தாள். இரண்டாவது தலையணையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினேன். தேறி வந்த கை என் மணிக்கட்டைப் பிடித்தது. சித்ரா நன்றாகப் பயிற்சி கொடுத்திருந்தாள், பிடியில் பலம் இருந்தது. சித்ரா உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவள்.

படையல் குறையில்லாமல் நடந்தது. பாகல் பிட்லை, கொத்தவரைப் பொரியல், கீரைக் கடைசல். ஒரு காய்கூடக் கடையில் வாங்கவில்லை. அக்காவின் சொல்லைக் காப்பாற்றினேன் என்ற நிறைவு எனக்கு இருக்கிறது.

அந்தக் காயை எல்லாம் சமைத்து உயிரோடு இருந்தவளுக்கே போட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் கேட்கும்வரை அப்படி ஒரு வழி இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.